ஷாஃப்ட் கதவைத் திறந்துவிடுங்கள்: சென்னை அடுக்ககச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஓர் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த மடல் எங்கள் சங்கத்துக்கு மட்டும் எழுதியதல்ல. வேளச்சேரி, பெரும்பாக்கம், போரூர், அம்பத்தூர் என்று எங்கே விசாரித்தாலும் வாடகைக்கு இருப்பவர்கள் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். அதனால் யார் பெயரையும் போடாமல், எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எங்கள் வீட்டுக்கு எந்த கம்பெனியின் இன்டர்நெட் வர வேண்டும் என்பதை, மாதாமாதம் பில் கட்டுகிற நாங்கள் முடிவு செய்ய விடுங்கள்.

இப்போது நடப்பது என்ன? புதிதாகக் குடிவருகிறவர் தனக்குப் பழக்கமான கம்பெனிக்குப் போன் செய்கிறார். "உங்க ஏரியாவுல ஃபைபர் இருக்கு சார், நாளைக்கே போட்டுடலாம்" என்கிறார்கள். மறுநாள் டெக்னீஷியன் தோளில் கேபிள் சுருளோடு கேட்டில் வந்து நிற்கிறார். செக்யூரிட்டி மேனேஜரைக் கூப்பிடுகிறார், மேனேஜர் செயலாளரைக் கூப்பிடுகிறார். "நம்ம பில்டிங்குக்கு ஒரே கம்பெனிதான் டை-அப். மத்தவங்களுக்கு பர்மிஷன் கிடையாது" என்று பதில் வருகிறது. டெக்னீஷியன் வாதாடுவதில்லை. 'பர்மிஷன் இஷ்யூ' என்று போட்டு ஆர்டரை மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அவருக்கு இது தினப்படி.

கம்பெனியின் ஃபைபர் தெருமுனைக் கம்பம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து எங்கள் ஹாலுக்கு வரவேண்டிய கடைசிக் கொஞ்ச தூரம்தான் உங்கள் கையில் இருக்கிறது.

அந்தத் தூரத்தில் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷாஃப்ட், அதாவது வயர்கள் மாடிக்கு மாடி ஏறி இறங்கும் கதவு வைத்த பொந்து, இருக்கும். எலக்ட்ரீஷியன் திறக்கும்போது எட்டிப் பாருங்கள். இன்டர்காம் வயர், சிசிடிவி கேபிள், மொட்டை மாடி டிஷ்களிலிருந்து இறங்கும் கறுப்பு வயர்கள், எந்தக் காலத்திலோ செத்துப்போன லேண்ட்லைன் தாமிர வயர், பாதியில் அறுத்துவிட்ட பழைய கேபிள் டிவி வயர், நடுவில் உங்கள் 'டை-அப்' கம்பெனியின் ஸ்ப்ளிட்டர் (இழையைப் பிரிக்கும்) பெட்டி. தெருவிலிருந்து வரும் ஒரே ஃபைபர் இழை அந்த ஸ்ப்ளிட்டரில் 8 ஆகவோ 16 ஆகவோ 32 ஆகவோ பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் வேண்டாம், ஃபேன் வேண்டாம். இன்னொரு கம்பெனி உள்ளே வந்தால் கூடுதலாகச் சேர்வது இன்னொரு சின்னப் பெட்டியும், கேட்ட வீடுகளுக்குத் தலா ஒரு மெல்லிய கேபிளும் மட்டும்தான். 'ஷாஃப்டில் இடம் இல்லை' என்ற காரணத்தை நான் நிறையக் கேட்டுவிட்டேன். செத்த வயர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை உருவி எடுத்தால் இடம் தானாக வரும்.

"எல்லா இன்டர்நெட்டும் ஒண்ணுதானே, ஸ்பீடு வந்தா போதாதா?" என்று ஒரு செயலாளர் என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றல்ல.

இன்டர்நெட்டில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்களான பொது ஐபி முகவரிகள் போதாததால் பல கம்பெனிகள் ஏராளமான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. சிஜிநாட் என்பார்கள். படம் பார்க்கவும் வாட்ஸ்அப்பில் பேசவும் இதனால் ஒரு குறையும் வராது. ஆனால் வீட்டில் ஒரு சர்வர் வைத்து வெளியிலிருந்து வேலை செய்பவருக்கும், குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிற ஆபீஸ் நெட்வொர்க்கில் வேலை பார்ப்பவருக்கும் தனி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத முகவரி, வேண்டும். அதைச் சில கம்பெனிகள் கூடுதல் கட்டணத்தில் தரும், சில வீட்டு இணைப்புக்குத் தரவே தராது. கல்யாண வீடியோ எடிட் செய்து அனுப்புகிறவருக்கு அப்லோடு வேகம்தான் பிழைப்பு. இரவு ஷிப்ட்காரருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு போனை எடுக்கிற கஸ்டமர் கேர் வேண்டும். இன்னொருவருக்கு இதெல்லாம் ஒன்றும் வேண்டாம், இருப்பதில் மலிவானது போதும். இவ்வளவு பேருடைய தேவையையும் செயற்குழு ஒரே கையெழுத்தில் எப்படித் தீர்மானிக்க முடியும்? எந்த வீட்டில் எந்தப் பேப்பர் வாங்குகிறார்கள் என்று எந்தச் சங்கமும் கேட்பதில்லை. பேப்பர் போடுகிற பையன் லிஃப்டில் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வருகிறான்.

இது வாடகைக்காரர் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். நங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தனி வீட்டை பில்டரோடு சேர்ந்து ஃப்ளாட் கட்ட ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்தது. பழைய வீடு இடிபட்டு, ஃப்ளாட் எழும்பி, அதே மனையில் இரண்டாம் மாடிக்குத் திரும்பி வந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்குப் பல்லாண்டு காலமாக ஒரே பிஎஸ்என்எல் நம்பர். டாக்டர், கோயில் குருக்கள், திருநெல்வேலிச் சொந்தங்கள் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிற நம்பர். இப்போது பிஎஸ்என்எல் ஃபைபரிலேயே பழைய லேண்ட்லைன் நம்பரைத் தொடர வழி இருக்கிறது. ஆனால் பில்டர் வேறு ஒரு கம்பெனிக்கு மட்டும் வழிவிட்டு, மற்றவர்களை உள்ளே விடுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். மனைக்குச் சொந்தக்காரரான அந்த அம்மாவால் தன் போன் நம்பரைத் தன் மனைக்குள் கொண்டுவர முடியவில்லை.

வாடகைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. எங்கள் அக்ரிமென்ட் 11 மாதம். இன்டர்நெட் கம்பெனிகளோ ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணமாகக் கட்டினால்தான் தள்ளுபடி தருகின்றன. கட்டிவிட்டு வீடு மாறினால் இணைப்பையும் கூடவே மாற்றிக்கொண்டு வரலாம், அதற்கு ஷிஃப்டிங் வசதி இருக்கிறது. புது பில்டிங்கில் அந்த கம்பெனிக்கு அனுமதி இல்லை என்றால் மீதிப் பணம் அம்போ. புது கம்பெனிக்கு மறுபடியும் இன்ஸ்டலேஷன், மறுபடியும் ரூட்டர் டெபாசிட். வீடு பார்க்க வரும்போது தண்ணீர் வண்டி எத்தனை நாளைக்கு ஒருமுறை, பைக்குக்கு பார்க்கிங் உண்டா என்றெல்லாம் கேட்டு வைக்கிறோம். 'இங்கே எந்த இன்டர்நெட்டுக்கு அனுமதி' என்று கேட்க யாருக்குத் தோன்றும்? புரோக்கரும் சொல்வதில்லை, ஓனரும் சொல்வதில்லை.

அப்புறம், ஒரே வழியை நம்பியிருப்பதன் ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் கரன்டும் மொபைல் சிக்னலும் நாள்கணக்கில் இல்லாமல் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு பெரிய வெள்ளத்தில் இரண்டு கம்பெனி இருந்தாலும் இரண்டும் படுத்திருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளம் இல்லாத நாட்களிலும் கேபிள் அறுந்துகொண்டுதான் இருக்கிறது. மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுகிறார்கள், மின்வாரியம் தோண்டுகிறது. ஒரு கம்பெனியின் லைன் போனால் மொத்த பில்டிங்கும் ஒரே நேரத்தில் முடங்கிப்போகிறது. இரண்டு கம்பெனி இருந்தால் பக்கத்து வீட்டு வைஃபையாவது இரவல் கிடைக்கும்.

இனி உங்கள் பக்க நியாயம். அது இல்லாமல் இல்லை. வருகிற டெக்னீஷியன் ஷாஃப்டைத் தேடச் சோம்பல்பட்டு வெளிச்சுவரில் டிரில் போடுகிறார், மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியாகத்தான் சுவர் ஊறுகிறது. மொட்டை மாடியில் கேபிள்கள் காலை இடறுகின்றன. இணைப்பை நிறுத்திய பிறகும் யாரும் வயரைக் கழற்றிக்கொண்டு போவதில்லை. சில கம்பெனிகள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் (தரைத்தள பார்க்கிங்கில்) கரன்ட் தேவைப்படுகிற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி ஒன்றை மாட்டிப் பொது மீட்டரிலிருந்து கரன்ட் எடுக்கின்றன, பில் சங்கத்தின் தலையில். முன்பின் தெரியாத ஆட்கள் மாடி மாடியாகச் சுற்றுவது பிடிக்கவில்லை என்று வயதானவர்கள் சொல்வதும் சரிதான்.

இதற்கெல்லாம் விதி போடுங்கள், கண்டிப்பாகவே போடுங்கள். ஷாஃப்ட் வழியாக மட்டும்தான் கேபிள். ஒவ்வொரு கேபிளிலும் கம்பெனி பெயரும் ஃப்ளாட் நம்பரும் எழுதிய டேக். வேலை நேரம் இன்னது, மேனேஜர் கூட வர வேண்டும். சுவிட்ச் வைத்தால் சப்-மீட்டர். இணைப்பு நின்றால் இத்தனை நாளுக்குள் வயரை எடுக்க வேண்டும், இல்லையென்றால் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வோம். இதில் எந்த விதியும் ஒரு கம்பெனிக்கு மட்டும்தான் பொருந்தும் என்றில்லை, நாலு கம்பெனி வந்தாலும் நாலுக்கும் பொருந்தும். குப்பையாகக் கேபிள் தொங்குகிறது என்பதற்கு மருந்து ஒழுங்குதானே தவிர ஏகபோகம் இல்லை. இன்னும் சொன்னால், அனுமதி மறுக்கிற பில்டிங்கில்தான் குப்பை கூடுகிறது. ஜியோவும் ஏர்டெல்லும் 2023இல் 5ஜி சிக்னலில் வீட்டுக்கு இன்டர்நெட் தரும் ஏர்ஃபைபரைக் கொண்டுவந்த பிறகு, ஃபைபர் கிடைக்காதவர்கள் அந்தப் பெட்டியை வாங்கிப் பால்கனியில் மாட்டிக்கொள்கிறார்கள். உடனே 'முகப்பு அழகு கெடுகிறது' என்று சங்கத்திலிருந்து சர்க்குலர் வருகிறது. வாசலை அடைத்தது நீங்கள், ஜன்னல் வழியாக வந்ததற்குக் கோபிக்கிறீர்கள்.

அடுத்தது பணம். இதைப் பேசாமல் மடலை முடித்தால் எழுதியதில் பாதி பொய்.

ஒரு கம்பெனிக்கு மட்டும் வழிவிடுவதற்குச் சங்கத்துக்கு ஏதோ கிடைக்கிறது. வருடத்துக்கு ஒரு தொகையாக இருக்கலாம், இணைப்புக்கு இவ்வளவு என்றிருக்கலாம், கிளப் ஹவுஸ் வைஃபையும் சிசிடிவி இணைப்பும் இலவசமாக இருக்கலாம். பொது இடத்தைப் பயன்படுத்தும் கம்பெனியிடம் சங்கம் கட்டணம் வாங்குவதைத் தவறென்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் போட்டி இல்லாத இடத்துக்கென்று கம்பெனி கொடுக்கிற அதிகப்படி எங்கிருந்து வருகிறது? எங்கள் மாத பில்லிலிருந்துதான். அது போய்ச் சேர்வது சங்கத்தின் சேமிப்பு நிதியான கார்பஸ் ஃபண்டுக்கு என்றால், அது ஓனர்களின் சொத்து. பில் கட்டுகிறவர் ஒருவர், பலன் இன்னொருவருக்கு. வருகிற எல்லா கம்பெனிக்கும் ஒரே கட்டணம் என்று வைத்தால் சங்கத்துக்கு வருமானமும் வரும், நாங்களும் பிணைக்கைதிகளாக இருக்க மாட்டோம்.

"இது பில்டர் போட்ட அக்ரிமென்ட், எங்களுக்கு வந்து சேர்ந்தது" என்று சொல்லும் சங்கங்களும் உண்டு. உண்மைதான், பல இடங்களில் கட்டடத்தைச் சங்கத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே பில்டர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தத் தாளை எடுத்து ஒருமுறை படியுங்கள். லாபியில் பேனர் வைக்க, ஸ்டால் போட ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிமை என்பது வேறு, மற்றவர்களை உள்ளேயே விடக் கூடாது என்பது வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதையும் சேர்த்துக் கடைப்பிடிக்கிற பில்டிங்குகள் கண்டிப்பாக இருக்கும். எத்தனை வருடத்துக்கு என்பதையும் பாருங்கள். முடிந்துபோன ஒப்பந்தம் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2017 ஜனவரி 20 அன்றே இதைப் பற்றி அரசுக்குப் பரிந்துரை கொடுத்துவிட்டது. விமான நிலையம், ஓட்டல், வணிக வளாகங்களோடு குடியிருப்பு வளாகங்களையும் சேர்த்தே சொன்னது. கட்டடத்துக்குள் ஒரு நிறுவனம் போட்ட கேபிள், டக்ட் (கேபிள் செல்லும் குழாய்) போன்றவற்றை மற்ற நிறுவனங்களோடு பாரபட்சமில்லாமல் பகிர வேண்டும், மற்றவர்களைத் தடுக்கும் பிரத்தியேக ஒப்பந்தத்தை உரிம மீறலாகக் கருதலாம் என்பது அதன் சாரம். பரிந்துரை என்பது பரிந்துரைதான், அதை வைத்துக்கொண்டு நான் உங்கள் ஷாஃப்ட் பூட்டை உடைக்க முடியாது. 2022இல் ஒன்றிய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் கட்டடத்துக்குள்ளான தொலைத்தொடர்பு வசதிக்கென்று ஒரு பகுதி சேர்த்தார்கள். மாதிரி விதி புதுக் கட்டடங்களுக்கு, அதுவும் மாநிலம் தன் விதியில் எடுத்துக்கொண்டால். 2024 அக்டோபரில் டிராய் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புக்கான ஸ்டார் ரேட்டிங் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. விருப்பப்பட்டவர்கள் விண்ணப்பித்து ஸ்டார் வாங்கிக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த, கேபிள் கொண்டுபோக இடம் பெறுவது பற்றிய வழியுரிமை விதிகளும் தனியார் இடம் என்று வரும்போது முதலில் இடத்துக்காரரின் சம்மதத்தைத்தான் கேட்கின்றன. பொதுநலன் என்று கருதினால் ஒன்றிய அரசு தலையிடலாம் என்று இருக்கிறது, ஆனால் நாலாம் மாடியில் ஒரு வீட்டுக்கு ஃபைபர் வேண்டும் என்பதற்காக டெல்லி இறங்கி வரப்போவதில்லை.

2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம், ஓனர் தடுக்கக் கூடாத அத்தியாவசிய சேவைகளின் பட்டியலில் தண்ணீர், மின்சாரம், லிஃப்ட் இவற்றோடு தகவல் தொடர்பு இணைப்புகளையும் சேர்த்திருக்கிறது. இணைப்பு அத்தியாவசியம் என்று ஆகிவிட்டது. எந்த இணைப்பு என்பதுதான் பேசப்படாமல் நிற்கிறது.

ஆக, ஏற்கெனவே கட்டிக் குடியேறிவிட்ட பில்டிங்குகளுக்கு மேலிருந்து ஒரு தீர்ப்பும் சீக்கிரம் வராது. இந்த மடலை டிராய்க்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அதனால்தான்.

வெளியூர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி, அடுக்ககங்களில் கேபிள் டிவி கம்பெனிகள் போட்ட ஏகபோக ஒப்பந்தங்களை 2008லேயே செல்லாமல் ஆக்கியது. கட்டட உரிமையாளரோடு வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சில வகை ஒப்பந்தங்களை 2022 பிப்ரவரியில் தடை செய்தது, பிரத்தியேக விளம்பர ஒப்பந்தம் இருந்தால் அதைக் குடியிருப்பவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றது. அங்கேயும் ஓட்டை இருக்கிறது. உரிமையாளர் தானாகவே ஒரு கம்பெனியைத்தான் உள்ளே விடுவேன் என்றால் அந்த விதிகள் அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. எனக்குப் பிடித்தது சிங்கப்பூர் வழி. அங்கே வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) வீட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவரில் ஒரு ஃபைபர் முனை. அந்த ஃபைபர், எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக வழிவிடுகிற நெட்லிங்க் என்ற நிறுவனத்துடையது. அதன் மேல் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று யாருடைய சேவையை வேண்டுமானாலும் எடுக்கலாம். கம்பெனி மாறினால் யாரும் சுவரைத் துளைப்பதில்லை. புதிதாகக் கட்டுகிற பில்டர் ஒருவராவது இந்த மாதிரிப் பொது ஃபைபரைத் தானே போட்டுச் சங்கத்திடம் ஒப்படைத்தால், அந்த பில்டிங்கில் வாடகைக்கு வர நான் முதல் ஆளாக நிற்பேன்.

கடைசியாக, எங்கள் குரல் பற்றி. பொது இடங்கள் ஓனர்களுக்குப் பிரிக்கப்படாத பங்காகச் சொந்தம், சங்கத்தில் ஓட்டு ஓனருக்குத்தான். சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்த விஷயத்தைக் கேட்கப் போனால் "உங்க ஓனரைப் பேசச் சொல்லுங்க" என்கிறீர்கள். ஓனர் துபாயில் இருக்கிறார். அவருக்கு இந்த வீட்டு வைஃபையால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. "சொசைட்டியோட சண்டை வேண்டாம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று மெசேஜ் அனுப்புகிறார். பொதுக்குழுவில் எங்களுக்கு நாற்காலி கிடையாது, ஓனர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் நாங்கள் இல்லை. மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் பிறந்தால் எங்கள் கணக்கிலிருந்து போகிறது.

அதனால் அடுத்த பொதுக்குழுவில் இந்த ஒரு தீர்மானத்தை வையுங்கள்: 'உரிமம் பெற்ற எந்த இணையச் சேவை நிறுவனமும், சங்கம் நிர்ணயித்த ஒரே கட்டணத்தையும் ஒரே விதிகளையும் ஏற்றுக்கொண்டு, குடியிருப்பவர் கேட்கும் வீட்டுக்குப் பொது ஷாஃப்ட் வழியாக இணைப்புக் கொடுக்கலாம்.' கேட்பவர் ஓனரா, வாடகைக்காரரா என்று பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் 'குடியிருப்பவர்' என்று எழுதியிருக்கிறேன். நடப்பு ஒப்பந்தம் இதற்குத் தடையாக இருந்தால், அது என்றைக்கு முடிகிறது, தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து உண்டா, சங்கத்துக்கு அதில் என்ன வருகிறது என்ற மூன்று விவரங்களையும் லிஃப்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். புதுப்பிக்கும் தேதி நெருங்கும்போது வாடகைக்காரர்களையும் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். ஓட்டுப் போட வேண்டாம், உட்கார்ந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
ஓஎம்ஆரிலிருந்து ஒரு வாடகைக்காரர்